வகை: பாதுகாப்பு

தொல்பொருள் திணைக்களத்தின் ஆண்டு மலருக்கு ஓய்வுபெற்றவர்களிடம் அனுபவக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, வாசிப்பவர் மனதைத் தொடவேண்டும், ஒருவரையும் புண்படுத்தக்கூடாது, கடவுச்சீட்டு அளவில் படம் ஒன்று இணைக்கவேண்டும் என்று கடிதத்தில் நிபந்தனை போட்டிருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். மற்ற மூன்றுக்கும் நான் பொறுப்பில்லை.

கடிதத்தை அலுமாரிக்குள் வைத்து மறந்துவிட்டுத்தான் இருந்தேன். போன கிழமை நிரோஷா தொலைபேசி எடுத்தாள். கிளிநொச்சிக் கந்தோரில் என் மேசையில் இப்போது இருக்கிற பிள்ளை அவள். பழங்காசு பதிகிற படிவம் இப்போது கணினியில் வந்துவிட்டதாம். ரோமன் காசின் பின்பக்கத்தில் என்ன குணம் அடித்திருக்கிறது என்று நாங்கள் கையால் எழுதிய இடத்தில் இப்போது ஒரு பட்டியல் விழுமாம். ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்ததாம்.

"மிஸ், செக்குரிட்டாஸ் எண்டதுக்கு இதில 'பாதுகாப்பு' எண்டுதான் கிடக்கு. அதைத் தொடட்டோ?" என்றாள்.

"தொடாதை," என்றேன். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது போல. அவள் பயந்துபோய் ஏன் என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை அது. ஆகவே மலருக்கு அதிர்ஷ்டம்.

என் தொழில் காசு கழுவுவது. கறுப்பை வெள்ளையாக்குகிற கழுவல் இல்லை. அதைச் செய்திருந்தால் வட்டக்கச்சியில் அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் இருந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மாதோட்டத் துறைக்கு வந்த கப்பல்களோடு இந்தப் பக்கம் வந்து, மண்ணுக்குள் கிடந்து பச்சை பிடித்துப்போன ரோமன் வெண்கலக் காசுகளைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நாட்கணக்காக ஊறவைத்து, மூங்கில் ஈர்க்கால் எழுத்தெழுத்தாகச் சுரண்டி, பூதக்கண்ணாடியில் வாசித்துப் பதிகிற வேலை. புளி போடக்கூடாது, தேசிக்காய் போடக்கூடாது, சாம்பல் போடக்கூடாது, அவசரப்படக்கூடாது. மூன்று மாதப் பயிற்சியில் கற்றுத்தந்தது இவ்வளவும்தான். கடைசி ஒன்றை மட்டும் அரசாங்க உத்தியோகத்தர்களுக்குக் கற்பிக்கத் தேவையில்லை.

பயிற்சியில் இன்னொன்றும் சொல்லித் தந்தார்கள். காசின் முன்பக்கத்தில் பேரரசரின் தலை. பின்பக்கத்தில் அவருடைய குணம். குணம் என்றால் ஒரு பெண். தராசு பிடித்து நின்றால் நேர்மை. பூ ஒன்றை நீட்டிக்கொண்டு மறுகையால் பாவாடைக் கரையைத் தூக்கிப் பிடித்தால் நம்பிக்கை. பாம்புக்குக் கிண்ணத்தில் தீன் வைத்தால் நலம். தூணில் முழங்கையை ஊன்றி, காலோடு கால் பின்னிச் சாய்ந்து நின்றால் செக்குரிட்டாஸ். இந்தக் கடைசிக் குணத்தை உயிரோடு பார்க்க விரும்புகிறவர்கள் பின்னேரம் மூன்று மணிக்கு எந்தக் கந்தோருக்கும் போகலாம்.

எந்தக் குணம் பேரரசரிடம் இல்லையோ அதைத்தான் பெரும்பாலும் காசில் அடித்தார்கள் என்றார் எங்களுக்குப் படிப்பித்தவர். தம்பியைக் கொன்றவரின் காசில் ஒற்றுமை இருந்தது. மூன்று மாதம் ஆசனத்தில் நிலைக்காதவரின் காசில் மக்களுக்குக் கவலையில்லை என்று இருந்தது. செக்குரிட்டாஸ் என்றால் அதுதான் அர்த்தம் என்று அவர் சொன்னார். கவலை இல்லாத நிலை. கவலையின்மை. நான் அதைக் கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் கிடைப்பவை அந்தப் பேரரசின் கடைசிக் காலத்துச் சின்னக் காசுகள். சுண்டுவிரல் நகம் அளவுதான். அந்தக் காலத்தில் குணங்களுக்கும் ஆட்குறைப்பு நடந்திருக்கிறது. தராசுக்காரி, பூக்காரி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சிறகு முளைத்த ஒரே பெண்ணை வைத்து எல்லாவற்றையும் சமாளித்திருக்கிறார்கள். அவள் மாலை தூக்கிக்கொண்டு நடந்தால் நாட்டின் கவலையின்மை. அவளே ஒரு கைதியை இழுத்துக்கொண்டு நடந்தால் நாட்டின் நலம். இன்னொரு காசில் குதிரையிலிருந்து விழுந்தவனை ஒரு சிப்பாய் ஈட்டியால் குத்துகிறான், சுற்றிவர 'நல்ல காலம் திரும்பிவிட்டது' என்று எழுதியிருக்கிறது. கொழும்பில் இருந்து வருகிற மாணவர்களுக்கு அதை நான் அரைமணித்தியாலம் விளங்கப்படுத்த வேண்டியிருக்கும். வன்னியில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த வேண்டி வரவில்லை.

இனி என் மேலதிகாரி. பெயர் வேண்டாம், மலர் புண்படும். கந்தோரில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'அவதானிப்பு'. எந்தக் கடிதம் போனாலும் இடதுபக்க ஓரத்தில் 'அவதானிக்கப்பட்டது' என்று எழுதிச் சின்னக் கையெழுத்து வைப்பார். ஓம் என்றும் எழுதமாட்டார், இல்லை என்றும் எழுதமாட்டார். கூரை ஒழுகுகிறது என்று எழுதினோம், அவதானிக்கப்பட்டது. ஒழுக்கு கோப்புகளில் விழுகிறது என்று எழுதினோம், அதுவும் அவதானிக்கப்பட்டது. கெட்ட மனுசர் என்று சொல்லமாட்டேன். என் அம்மா ஆசுபத்திரியில் இருந்தபோது தன் வாகனத்தைத் தந்தவர் அவர்தான். ஆனால் பேனாவைத் தொட்டால் மட்டும் அவருக்குக் கை கூசும். வெள்ளிக்கிழமை ஒன்றேகாலுக்கு யாழ்ப்பாண பஸ். அன்றைக்குப் பத்து மணிக்குப் பிறகு அவர் அவதானிப்பதும் இல்லை.

ஒருநாள் விசுவமடுப் பக்கத்தில் இருந்து பேச்சியம்மா வந்தா. ஐம்பது வயது இருக்கும். அவாவின் ஆட்கள் மலையகத் தோட்டத்தில் இருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். இங்கேயும் அரைவாசிக் காலம் ஓடியபடிதான். கடைசியில் ஒன்றரை ஏக்கருக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்து, புருசன் இல்லாமல் ஒற்றை மகளோடு நெல் விதைக்கிறா. மடியில் ஒரு பிஸ்கட் டின். வரம்பு கட்ட மண் வெட்டிய இடத்தில் ஒரு சின்னப் பானை உடைந்ததாம், உள்ளே இந்தக் காசுகளாம். முப்பத்தொன்று இருந்தது. ஒன்றை மட்டும் குத்துவிளக்கு மினுக்குவது போலப் புளி போட்டு மினுக்கியிருந்தா. அந்தப் பேரரசருக்கு மூக்கு இல்லை.

"இதை ஏன் அம்மா புளி போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"அழுக்கோட கவர்மெண்டுக்குக் குடுக்கக்கூடாதுன்னு மக சொல்லுச்சுங்க மிஸ்."

"ஒருத்தருக்கும் விக்கேல்லையோ?"

"யாரு பொருளோ. நம்ம வச்சிக்கிட்டு அப்புறம் நமக்கு ஏதாச்சும் வந்துடக்கூடாது பாருங்க."

இந்த வசனத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்டுக்கொண்டது அவா. ஓணான் எங்கள் கந்தோர்.

முப்பத்தொன்றையும் ஊறவைத்துச் சுரண்டினேன். எழுத்துத் தெரிந்தது நாலில்தான். அதில் மூன்றில் மாலை தூக்கிய சிறகுக்காரி, செக்குரிட்டாஸ். படிவத்தை நிரப்பினேன். படிவத்தில் 'வகை' என்றொரு நிரல் உண்டு. அதில் லத்தீன் எழுதக்கூடாது, தமிழில் ஒரே ஒரு சொல்தான் எழுதவேண்டும் என்பது அவதானிப்பின் கட்டளை. நான் 'கவலையின்மை' என்று எழுதிக் கொண்டுபோனேன்.

வாழ்நாளில் முதன்முறையாக அவர் ஒரு படிவத்தை முழுதாக வாசித்தார். என் கெட்ட காலம்.

"இதென்ன மிஸ், கவலையின்மை? அரசாங்கப் படிவத்தில கவலை எண்ட சொல்லு வரலாமோ? வாசிக்கிறவை நாங்கள் ஏதோ குறை சொல்லுறம் எண்டெல்லோ நினைப்பினம்."

"சேர், கவலை இல்லை எண்டுதானே போட்டிருக்கு."

"இல்லையெண்டாலும் சொல்லு சொல்லுத்தானே," என்றார். அதை வெட்டி, மேலே தன் கையால் 'பாதுகாப்பு' என்று எழுதினார். அகராதியில் பார்த்தால் பிழையும் இல்லை.

நான் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பேசியிருக்கலாம். ஆனால் பதவி உயர்வுக்கு என் பெயர் மேலே போயிருந்த நேரம் அது. சுத்தப்பிரதி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி, வழக்கம்போல ஒரு பிரதியை மாவட்டத்துக்கு அனுப்பினேன். அவர் கையால் வெட்டித் திருத்திய முதல் பிரதியை நானே கிழித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டேன். ஒழுங்கான உத்தியோகத்தர் அப்படித்தான் செய்வார்.

பன்னிரண்டு நாளைக்குப் பிறகு பேச்சியம்மா திரும்ப வந்தா. டின் இல்லை, குடை மட்டும் இருந்தது.

"மிஸ், வயலச் சுத்தி கயிறு கட்டிட்டாங்க. உள்ள எறங்கக்கூடாதாம்."

ஸ்கூட்டியில் அவாவை ஏற்றிக்கொண்டு போனேன். வயலின் நாலு மூலையிலும் சிவப்புத் தலை வைத்த முளைகள், சுற்றிவர நாடா, நடுவில் மண்டையோடு கீறிய பலகை. 'மிதிவெடி அபாயம்.' காவலுக்கு நின்ற உத்தியோகத்தர் மரியாதையாகத் தன் கோப்பைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது நான் கைப்பட நிரப்பிய படிவம். பொருள்: பானைக்குள் உலோகம். எண்ணிக்கை: முப்பத்தொன்று. ஆழம்: இரண்டடி. வகை: பாதுகாப்பு. மாவட்டத்தில் கடிதம் பிரிக்கிற யாரோ ஒரு கெட்டிக்காரர் தலைப்பைப் பார்க்காமல் வகையைப் பார்த்து, பாதுகாப்புக்கு உரியதைப் பாதுகாப்புப் பிரிவுக்கே அனுப்பிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் படிவத்தை அந்தக் கண்ணோடு நான் வாசித்திருந்தாலும் ஓடித்தான் இருப்பேன்.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். காசு கழுவப்போய்க் கண்ணிவெடியானது எங்கள் கந்தோரில்தான்.

"எப்ப பாத்து முடிப்பீங்கள்?" என்று கேட்டேன்.

"வரிசையில கனக்கக் காணி கிடக்கு மிஸ். பங்குனி, சித்திரை ஆகும்," என்றார் அவர். அப்போது புரட்டாதி நடுப்பகுதி. ஐப்பசி மழைக்கு முதல் விதைக்காவிட்டால் அந்த வருடம் நெல் இல்லை. அந்த வீட்டில் நெல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

அன்று பின்னேரமே அவதானிப்பின் முன்னால் நின்றேன். நாலு வரித் திருத்தக் கடிதம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் தேவை. அவர் கதிரையில் சாய்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய மறுபடியும் துடைத்தார்.

"திருத்தம் எண்டு எழுதினால் முதல் எழுதினது பிழை எண்டாகுமெல்லோ?"

"பிழைதானே சேர்."

"பிழை எண்டால் ஆற்ற பிழை எண்டு கேப்பினம்."

"அந்த மனிசிக்காவது சொல்லுவமே, உள்ள ஒண்டும் இல்லை எண்டு?"

"மேலிடத்துக் கடிதம் வராமல் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லப்படாது. நாங்கள் சொல்லி ஏதும் நடந்தால் பிறகு ஆர் பொறுப்பு?" என்றார். என் கடிதத்தின் ஓரத்தில் எழுதவேண்டியதை எழுதினார். என்ன எழுதினார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள். இரண்டு நாளைக்கு ஒருக்கால் பேச்சியம்மா பஸ் ஏறி வருவா. வெளியே வாங்குப் பலகையில் இருப்பா. நான் வெளியே வந்தால் எழும்புவா.

"என்னங்க மிஸ், உள்ள வெடி இருக்கா இல்லையா?"

"விசாரணையில இருக்கு அம்மா."

அந்த வசனத்தை இவ்வளவு சுத்தமாகச் சொல்ல எனக்கு வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது. தூணில் சாய்ந்துகொண்டுதான் சொல்லியிருப்பேன். ஒருநாள் அவா வேறு விதமாகக் கேட்டா.

"மிஸ், நான் அதக் கொண்டாந்து குடுத்தது தப்பாங்க?"

"இல்லை அம்மா," என்றேன். உள்ளே போய் மேசையில் இருந்து அழுதேன். அழுதுவிட்டு மற்றக் காசுகளைக் கழுவினேன். அதற்குப் பிறகு அவா வருவது நின்றுவிட்டது. அலுத்துப்போய் விட்டுவிட்டா என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லட்டுமா, எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பதினெட்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. கந்தோர்க் கூரை அவதானிக்கப்பட்ட இடங்களில் எல்லாம் ஒழுகியது. சட்டி ஒன்றை எடுத்துக் கோப்புகளுக்கு மேல் வைத்துவிட்டு, வெறும் தாளில் எழுதினேன். 'வகை என்னும் நிரலில் பாதுகாப்பு என்று எழுதியது எனது தனிப்பட்ட கவனயீனம். சரியான சொல் கவலையின்மை. மேற்படி காணியில் வெடிபொருள் எதுவும் கண்டெடுக்கப்படவில்லை. கண்டெடுக்கப்பட்டவை காசுகள்.' அவதானிப்பு அதை வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு உடனேயே, ஒருமுறையும் கண்ணாடி துடைக்காமல், முழுக் கையெழுத்து வைத்தார். பிழை எவருடையது என்று தாளில் வந்துவிட்டால் அவரைப்போல வேகமான உத்தியோகத்தரை நான் கண்டதில்லை.

எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை வந்தது. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நான் சேர்ந்த தரத்துக்கு ஒரு படி மேலே இருந்தபடியே ஓய்வு பெற்றேன். அதைப் பெரிய தியாகமாக நினைத்து இரண்டு மூன்று கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்ததையும் மறைக்கவில்லை.

நாடா அவிழ்க்கிற அனுமதி கார்த்திகையில் வந்தது. நானும் போனேன். போய்ப் பார்த்தால் நாடாவுக்குள், மண்டையோட்டுப் பலகையைச் சுற்றி, முழு வயலும் பச்சை. கணுக்காலுக்கு மேல் வளர்ந்த நெல், வரம்பு வரைக்கும் ஒரு இடம் விடாமல். ஒருவரும் உள்ளே இறங்கவில்லை என்று தினமும் கையெழுத்து வைத்த உத்தியோகத்தர் நெல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதை என்னெண்டு எழுதுறது மிஸ்?"

"தானாக முளைச்சது எண்டு எழுதுங்கோ," என்றேன். அப்படியே எழுதினார். அந்தக் கோப்பு எங்கேயோ இன்னும் இருக்கும். வன்னியில் தானாக முளைத்த ஒன்றரை ஏக்கர்.

பேச்சியம்மா வரம்பில் நின்று சிரித்தா. பலகையைப் பிடுங்கப் போனவரை மறித்தா. "அத மட்டும் விட்டுட்டுப் போங்களேன் ஐயா. இந்த வருசம் ஒரு மாடு உள்ள வரல. கட்டாக்காலி மாட்டுக்காரன் எல்லாம் பலகயப் பாத்துட்டு அந்தப் பக்கமா ஓட்டிட்டுப் போறான்." எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்ற நினைப்பில். சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"உள்ள வெடி ஒண்டும் இல்லையெண்டு உங்களுக்கு ஆர் அம்மா சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க மிஸ்," என்றா பேச்சியம்மா. "ஒங்ககிட்டதான் அத்தன வாட்டி கேட்டேன். விசாரணைல இருக்குன்னீங்க. மழ வந்துரும் போல இருந்திச்சு. மகள வீட்டுக்குள்ள விட்டுப் பூட்டிட்டு, நான் மட்டும் மம்பட்டியோட எறங்கிட்டேன். மொத வரிசைக்குக் காலு நடுங்கிச்சு. பாதி வயலு தாண்டினதும் பழகிருச்சு."

அவா அதைக் குறையாகச் சொல்லவில்லை. மாட்டைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னா. நான் அந்த வரம்பில் குந்திவிட்டேன். காணி முழுவதும், ஒவ்வொரு அடியாக, அவா மண்வெட்டியை ஓங்கி ஓங்கி இறக்கியிருக்கிறா. இல்லாத வெடிக்கு மேல். இல்லை என்று தெரிந்தவள் பத்து மைல் தள்ளி, விசிறிக்குக் கீழே, எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பயந்து இருந்திருக்கிறாள். அன்று பட்ட வெட்கம் ஓய்வூதியத்தோடு சேர்ந்து இன்னும் மாதாமாதம் வருகிறது.

நிரோஷா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்தப் பட்டியலின் கடைசியில் 'வேறு' என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத் தொட்டுக் கவலையின்மை என்று எழுது. யாரும் வெட்டினால் வெட்டியவரின் பெயரையும் பக்கத்தில் எழுது, தாளைக் கிழிக்காதே. பிறகு அந்தக் காசைக் கொண்டுவந்து தந்த ஆளுக்கு உடனே தொலைபேசி எடுத்து, உங்கட வயலுக்குள்ள ஒண்டும் இல்லை, பயப்பிடாமல் இறங்குங்கோ என்று சொல். மேலிடத்துக் கடிதத்துக்குக் காத்திருக்காதே. படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.